பிழை என்று சொல்லாத வகுப்பு

றிஸ்வானா கடலுக்கு மண்ணிறம் பூசிக்கொண்டிருந்தார்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசுகிற மாதம். கல்பிட்டிக்குப் பக்கத்திலுள்ள கண்டக்குழியில் அந்த நாட்களில் தாளின் நாலு மூலைக்கும் கல் வைக்காமல் யாரும் படம் கீற முடியாது. எங்கள் கூடத்தில் அதற்கென்றே ஒரு வாளி நிறையக் கல் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்பிப்பது கல் வைக்கத்தான். தூரிகை பிடிப்பதெல்லாம் பிறகு.

றிஸ்வானா தன் சக்கர நாற்காலியை ஜன்னலோரம் நிறுத்தி, நாலு கல்லும் வைத்து, நிதானமாகப் பூசினார். மண்ணிறக் கடல். அதில் ஒரு தோணி. தோணியில் மூன்று பேர், மூவருக்கும் முகமில்லை. ஜன்னலுக்கு வெளியே அசல் கடல் தன் வழக்கமான நீலத்தில் கிடந்தது.

நான் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சரித்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்காதபோது ஓவியர்கள் செய்வது அது. "வித்தியாசமா இருக்கு, றிஸ்வானா" என்றேன். எங்கள் வகுப்பில் நான் சொல்லும் ஆகக் கடுமையான விமர்சனம் அதுதான்.

எதிர் மேசையிலிருந்து லூர்து எழுந்து வந்தார். லூர்து படகுகளுக்குப் பெயரும் இலக்கமும் எழுதுகிறவர். வயது ஐம்பதுக்கு மேல். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. வந்தவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை குறைவாக இருந்தது. மேசையிலிருந்த மண்ணிற வர்ணக் குழாயை எடுத்து றிஸ்வானாவின் முகத்துக்கு முன்னே ஆட்டிவிட்டு, மறு கையால் வெளியே கடலைக் காட்டினார்.

"என்னவாம் இவருக்கு?" என்று றிஸ்வானா என்னிடம் கேட்டார். "நீலம்தானே இது. எடப்பக்கத்துல ரெண்டாவது."

இடப்பக்கத்தில் இரண்டாவது நீலம்தான். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அன்று காலை நான் மேசையைத் துப்புரவாக்கி, குழாய்களையெல்லாம் துடைத்து, பெரியது சிறியது பார்த்து அழகாக அடுக்கியிருந்தேன்.

லூர்து ஆறேழு அடி பின்னால் போய் நின்று இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினார். அவர் என்ன காட்டுகிறார் என்று நான் கேட்டேன். றிஸ்வானா கண்ணை இடுக்கினார்.

"பிரஷ் வெச்சிரிக்கார்" என்றார். பிறகு கொஞ்சம் சந்தேகத்தோடு, "இல்லையா?"

லூர்து விரல்களைத் தாழ்த்தாமலே ஓரடி ஓரடியாகக் கிட்ட வந்தார். ஒரு முழத் தூரத்துக்கு வந்த பிறகுதான் றிஸ்வானா, "ஆ, வெரலு" என்றார்.

வாரத்துக்கு இரண்டு நாளாக இரண்டு வருடம் நான் படம் கற்பித்த ஒருவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர் ஆசிரியை அல்ல, படகுக்கு இலக்கம் எழுதுகிறவர்.

வாடியும் மணமும்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், இந்தக் கூடத்தை எப்படிப் பிடித்தேன் என்று எழுதியிருந்தேன். மீனவர்கள் கருவாடு போட்டு வைத்த பழைய கொட்டில், வாடி என்பார்கள். கருவாட்டு மணம் இப்போது போய்விட்டதா என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். போகவில்லை. மூன்று முறை சுண்ணாம்பு அடித்தோம். இப்போது சுண்ணாம்பு அடித்த கருவாட்டு மணம் வருகிறது. பூனைகள் இன்னும் நம்பிக்கையோடு வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போகின்றன.

எங்கள் வகுப்பில் எட்டுப் பேர். ஐந்து பேருக்கு உடம்பிலோ புத்தியிலோ ஏதோ ஒரு சிரமம் இருக்கிறது. மற்ற மூன்று பேரும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். எட்டுப் பேரும் ஒரே மேசைகளில் ஒரே வர்ணத்தைப் பகிர்ந்து கீறுகிறார்கள். பக்கத்து ஊரான ஆலங்குடாவில் விடுதி வைத்திருக்கும் ஒரு நல்ல மனிதர் வாசலுக்கு ஒரு பலகை செய்து தருவதாகச் சொன்னார். அதில் 'மாற்றுத்திறனாளிகளுக்கான' என்று தொடங்கி ஒரு நீளமான வாசகம் இருந்தது. அந்தப் பலகையைத் தொங்கவிட்டால் அந்த மூன்று பேரும் எந்தக் கதவால் வருவது என்று கேட்டேன். இப்போது வாசலில் 'படம் கீறும் இடம்' என்று மட்டும் இருக்கிறது. எழுதியது லூர்து. படகின் முன்பக்கம், அணியத்தில் எழுதுகிற அதே எழுத்து.

றிஸ்வானாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களுக்கும் வலுவில்லை. ஊரில் எல்லாரும், அவரைவிடச் சின்னவர்கள் உட்பட, 'அந்தப் புள்ள' என்றுதான் அவரைச் சொல்வார்கள். நான் 'அவர்' என்று எழுதுவதைப் பார்த்து யாராவது வேறொரு ஆளைத் தேடினால் அதற்கு நான் பொறுப்பில்லை. அவருடைய நாநா, அதாவது அண்ணன், ஹில்மி ஓட்டோ ஓட்டுகிறவர். காலையில் தங்கச்சியைத் தூக்கி இருத்திக் கொண்டுவந்து விடுவார், பகல் தொழுகை முடிய வந்து கூட்டிப்போவார். இடையில் ஒருநாளும் உள்ளே வந்து படத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொன்னதில்லை. அந்தக் குணத்துக்காக அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

யாருடைய கோழி

நான் ஏன் இப்படி ஒரு ஆசிரியையாகிப் போனேன் என்பதற்கு ஒரு கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது ஒரு கோழி கீறினேன். சித்திரப் பாடத்துக்கு வந்த ஆசிரியை அதைப் பார்த்து, இது என்ன வாத்தா என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திராமல் அழிறப்பரால் தேய்த்துவிட்டு, தானே இரண்டு நிமிடத்தில் ஒரு கோழியைக் கீறி, வாலுக்கு வர்ணமும் பூசி, கீழே என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். அந்தப் படத்துக்கு மாவட்டத்தில் முதற் பரிசு கிடைத்தது.

அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினா. பிறகு யுத்தத்தில் ஊரை விட்டுப் புத்தளத்துக்கு ஓடி வந்தபோது வீட்டிலிருந்து எடுத்துவர முடிந்த நாலைந்து சாமான்களில் அந்தக் கோழியும் ஒன்று. நாங்கள் தங்கிய ஓலைக் கொட்டிலில் மாட்ட ஆணி இல்லாமல் சாக்கில் சுற்றி வைத்திருந்தோம். இப்போது தங்கச்சி வீட்டு முன்னறையில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம், அக்கா எட்டு வயதில் கீறியது என்று அவள் காட்டுவாள். நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

இவ்வளவும் பட்டவள் ஆசிரியையானதும் என்ன செய்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? அதையேதான் செய்தேன். இருபத்தேழு வருடம் பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்தேன். சிவப்புப் பென்சில் ஒன்று எப்போதும் கொண்டையில் செருகியிருக்கும். பிள்ளைகளின் வீட்டுக் கூரைகளை நிமிர்த்தினேன், மாட்டுக்கு நாலாவது காலைப் போட்டேன், சூரியனை மலைகளுக்கு நடுவிலிருந்து அகற்றினேன். போட்டிகளில் எங்கள் பாடசாலை வென்றுகொண்டே இருந்தது. வென்றது நான்.

ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போனேன். நடத்திய பெண் எங்கள் எல்லாரையும் தரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, யாராவது எப்போதாவது உங்கள் படத்தில் கைவைத்தார்களா என்று கேட்டாள். நான் அழுதேன். ஐம்பத்தாறு வயதில், இருபது பேருக்கு முன்னால், ஒரு கோழிக்காக. திரும்பி வரும்போது பேருந்தில் சிவப்புப் பென்சிலை எடுத்து ஜன்னலால் எறிந்தேன். அது யாரோ ஒரு சைக்கிள்காரரில் பட்டது.

புதிதாக மதம் மாறியவர்களுக்கு ஒரு தீவிரம் இருக்கும். அந்தத் தீவிரத்தோடு இந்தக் கூடத்தைத் தொடங்கினேன். சுவரில் மூன்று விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினேன். மற்றவர் தாளில் கை வைக்கக் கூடாது. கேட்டால் மட்டும் உதவ வேண்டும். பிழை என்ற சொல்லை இங்கே யாரும் சொல்லக் கூடாது.

லூர்துவுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்துகளை அவர் வரைவார், அவ்வளவுதான். ஆகவே விதிகளை நான் கையால் நடித்துக் காட்டினேன். வகுப்புக்குள் பீடி குடிக்கக் கூடாது என்று அவர் விளங்கிக்கொண்டார். அன்றிலிருந்து வெளியே போய்த்தான் குடிக்கிறார். மற்ற ஏழு பேரும் நானும் விதிகளை மனப்பாடமாக அறிந்து இரண்டு வருடம் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டிருந்தோம். லூர்து மட்டும் தன் தொழிலின் விதியோடு இருந்தார். படகில் ஒரு இலக்கம் பிழையாகிப் போனால் கடற்படை நடுக்கடலில் மறித்து விசாரிக்கும். உலகத்தில் பிழை என்று ஒன்று உண்டு என்று அவருக்கு அதனால் தெரியும்.

முகம்

றிஸ்வானாவின் படங்களில் மனிதர்களுக்கு முகம் இல்லாததை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்து, அதற்கு ஒரு காரணத்தையும் நானே கண்டுபிடித்து, அந்தக் காரணத்துக்கு மரியாதையும் கொடுத்தேன். உயிருள்ளவற்றின் உருவம் கீறுவதைச் சில முஸ்லிம் வீடுகளில் விரும்ப மாட்டார்கள். புத்தளத்தில் இத்தனை வருடம் இருக்கிறவள், அதுகூடத் தெரியாதா எனக்கு? கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பண்பு என்று நினைத்தேன்.

ஆலங்குடா விடுதிக்காரர் தன் சாப்பாட்டு மண்டபத்தில் மாட்ட மூன்று படங்கள் கேட்டார். றிஸ்வானாவின் மூன்று படங்களைக் கொடுத்தேன். பக்கத்தில் மாட்ட ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். 'முகத்தைத் துறந்து மனிதரின் சாரத்தை நோக்கிப் பயணிக்கும் கலைஞர்' என்று ஒரு வரி அதில் வருகிறது. துணிச்சலான வர்ணத் தெரிவு என்று இன்னொரு வரி. பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரர்கள் ஈரக் காற்சட்டையோடு அதன் முன்னால் நின்று படமெடுத்தார்கள்.

ஹில்மி அந்தக் குறிப்பைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த வகுப்பில் றிஸ்வானா, "நல்லா எழுதி இரிக்கிறீங்க டீச்சர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் அப்பிடியா செய்யிறன்?" என்றும் கேட்டார். அடக்கம் என்று நினைத்தேன்.

லூர்து விரல் காட்டிய அன்று பின்னேரம், எல்லாரும் போன பிறகு, றிஸ்வானாவின் தாள்க்கட்டை அலுமாரியிலிருந்து இறக்கினேன். ஒவ்வொரு தாளின் பின்னாலும் நாள் போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. முதல் நாளிலிருந்து வரிசையாகத் தரையில் பரப்பிக் கல் வைத்தேன்.

முதல் ஏழெட்டுப் படங்களில் எல்லாருக்கும் முகம் இருந்தது. கண், மூக்கு, வாய், மூக்குத்தி கூட. ஒரு படத்தில் ஹில்மியின் ஓட்டோவும் அதில் மீசையோடு ஹில்மியும். அதன் பிறகு மூக்குத்தி இல்லை. இன்னும் நாலு படம் போக, கண்கள் இரண்டு புள்ளியாகின. பிறகு வாய் ஒரு கோடு. பிறகு கோடும் இல்லை. சுவரிலிருந்து சுவருக்கு, இரண்டு வருடம், ஒருவருடைய பார்வை படிப்படியாகப் போவது தேதியோடு என் கையெழுத்தில் இருந்தது.

நான் அதை ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். பார்த்து, நடை முதிர்கிறது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தேன். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம்.

வாங்கில் மூவர்

ஹில்மி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கச்சிக்குக் காலில்தான் வருத்தம், கண் நல்லம் என்றார். அவர் சொன்னது பொய்யல்ல, பழைய செய்தி. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் றிஸ்வானாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சிழுப்புக்குக் கொடுத்த குளிசையைத் தவிர மருந்து, எண்ணெய், நேர்த்தி எல்லாம் காலுக்கே. கண் வரைக்கும் யாருடைய பார்வையும் ஏறியதில்லை.

அந்த வாரமே கண் டொக்டரிடம் போனோம். பார்த்துவிட்டு அவர் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. மூச்சிழுப்புக்குச் சின்ன வயதிலிருந்து விழுங்கிய குளிசைகள் காரணமாக இருக்கலாம். இடது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தால் பார்வை வரும். வலது கண்ணுக்குள் அமுக்கம் ஏறி நரம்பு பழுதாகிவிட்டது, அதில் வெளிச்சம் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம்.

வெளியே வந்து வாசலில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். ஹில்மி தங்கச்சியிடம், ஒரு கண் நிச்சயம் சரிவரும் என்று டொக்டர் சொல்கிறார் என்றார். மற்றது என்ன என்று றிஸ்வானா கேட்டார். ஹில்மி என்னைப் பார்த்தார். நான், அதையும் பிறகு பார்ப்பதாகச் சொன்னார் என்றேன்.

"எனக்குச் சிங்களம் வெளங்கும் டீச்சர்" என்றார் றிஸ்வானா. "இருவது வருசமா டீவீல நாடகம் பாக்கிறன்." பிறகு திருத்திக்கொண்டார். "இப்ப கொஞ்ச நாளாக் கேக்கிறன்."

எதிர் மதிலில் டெங்கு நுளம்பின் படம் ஒன்று பெரிதாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபடியே, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். கேட்ட விதத்தில் குற்றம் அவருடையது போல ஒரு தொனி வந்துவிட்டது.

றிஸ்வானா கோபப்படவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார். "என்ட காலப் பாத்துப் பாத்தே ஊட்டுல எல்லாரும் களச்சிப் போயிட்டாங்க. இதயும் செல்ல மனசு வரல்ல. பொறகு, ஒவ்வொரு படத்தையும் ஒங்கள்ட்ட காட்டுவன். நீங்க நல்லாரிக்கி எண்டு செல்வீங்க. அப்ப கண்ணு இன்னும் அவ்வளவுக்குப் போகல்ல எண்டு நெனச்சிக்குவன்."

ஹில்மி எழுந்து ஓட்டோவைக் கொண்டுவரப் போனார். ஓட்டோ எங்கள் முன்னால்தான் நின்றது.

இரண்டு வருடமாக ஒருவர் என் வாயை நம்பித் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் என் கொள்கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

நரை

சத்திரசிகிச்சைக்கு முறை வர மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் றிஸ்வானா வகுப்புக்கு வந்தார். வந்து கல் வைத்துவிட்டு, படம் கீறாமல் இருந்தார். நான் குழாய்களைப் பழைய வரிசையில் அடுக்கி, இனி யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார்.

இடது கண்ணின் கட்டை அவிழ்த்த அன்று நானும் போயிருந்தேன். நேர்ஸ் பஞ்சை எடுத்ததும் றிஸ்வானா சுற்றிலும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "நாநா, நரச்சிட்டீங்க" என்றார்.

ஹில்மி சிரிக்கத் தொடங்கி, பாதியில் அதை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாழ்வாரத்திலிருந்த கண்ணாடியில் போய்த் தலையைப் பார்த்துவிட்டு வந்தார். மெய்தான் என்றார்.

அடுத்தது என் முறை. றிஸ்வானா என் முகத்தை நிறைய நேரம் பார்த்தார். இரண்டு வருடத்தில் என் முகத்துக்கும் ஏதோ நடந்திருக்க வேண்டும். "நல்லா இரிக்கிறீங்க டீச்சர்" என்றார் கடைசியில். எங்கள் வகுப்பில் அவர் படித்தது அதுதான்.

வலது கண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. கேட்டபோது, வெளிச்சம் வரும் திசை தெரிகிறது, அது போதும், விடிந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு கண் என்றார். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். என்னால் இன்றுவரை அதைச் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. அந்த ஒரு வருடத்தில் என் பங்கு எவ்வளவு என்று நினைக்காமல் ஒரு வாரம் போவதில்லை.

குப்பை

திரும்பி வந்த முதல் நாள் றிஸ்வானா தாள்க்கட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக முகத்துக்குக் கிட்டப் பிடித்து இடக்கண்ணால் பார்த்தார். இரண்டு குவியல் போட்டார். எந்தக் குவியல் எது என்று கேட்டேன். பெரிய குவியலைக் காட்டி, "இது குப்ப" என்றார். வகுப்பிலும் நான் துணிச்சலான வர்ணத் தெரிவு என்று புகழ்ந்திருந்த ஊதா நிறக் கழுதைகள் அதில் மேலாகக் கிடந்தன.

"கழுத சாம்பல் நெறம்" என்றார். "எனக்குத் தெரியாதா? கல்பிட்டியிலதான் பொறந்தன்."

ஆலங்குடாவுக்கும் போனார். விடுதிக்காரர் படங்களைக் கழற்றிவிடுவாரோ என்று பயந்துபோய் இளநீர் வெட்டிக் கொடுத்தார். றிஸ்வானா மூன்று படத்தையும் பார்த்துவிட்டு, கடல் பரவாயில்லை, படங்கள் இருக்கட்டும், பக்கத்தில் மாட்டியிருக்கும் எழுத்தை மட்டும் கழற்றுங்கள் என்றார். என் குறிப்பு அன்றே கழற்றப்பட்டது. அந்த இடத்தில் சுவர் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

முகம் கீறுவதில் வீட்டில் ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று, இரண்டு வருடம் பிந்தி, ஹில்மியிடம் கேட்டேன். முன்னறையில் தொங்கவிடாமல் இருந்தால் சரி, கீறட்டும் என்றார். கேட்டுப் பதில் பெற இவ்வளவு நேரம்தான் எடுத்தது.

சுவரிலிருந்த விதிகளைக் கழற்றினேன். ஒட்டியிருந்த நாடாவோடு சுண்ணாம்பும் உரிந்து வந்து, கருவாட்டு மணம் புதிதாகக் கிளம்பியது. முதலாவது விதி எனக்கு இன்னும் சரியென்றே படுகிறது. மற்றவர் தாளில் கை வைக்க மாட்டேன். கோழி எந்தக் கோழியானாலும் கீறியவருடையதாக இருக்கட்டும். ஆனால் அது வாத்து மாதிரி இருந்தால் வாத்து மாதிரி இருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொள்கிறேன். அறுபது வயதில் இது சுலபமில்லை. நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை வாய்க்குள் தயாராக நின்றுகொண்டிருக்கும், விரட்டிவிட்டு மற்றதைத் தேட வேண்டும். லூர்துவிடமிருந்து பழகுகிறேன். அவர் நல்ல ஆசிரியர், பொறுமைதான் கொஞ்சம் குறைவு.

போன மாதம் ஒருநாள் றிஸ்வானா என்னைக் கீறினார். மேசைக்கு எதிரே ஒரு கதிரையைப் போடவைத்து, அதில் அசையாமல் உட்காரச் சொன்னார். ஒரு மணித்தியாலம் இருந்தேன். முடிந்ததும் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

அவர் தாளைப் பிடித்தபடியே காத்திருந்தார். முகத்தில் கோபமில்லை, சிரிப்புமில்லை. தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறவர்களுடைய முகம் மாதிரி இருந்த அதைப் பார்த்ததும், அன்று வாங்கில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

நான் எழுந்து போய்ப் படத்தைக் கிட்ட நின்று பார்த்தேன். இந்த முறை தலையைச் சரிக்கவில்லை.

"வலது கண் மேலே போயிட்டுது" என்றேன். "மற்றக் கண்ணைவிட ஒரு விரல் உயரம். கழுத்தும் இல்லை. தலை நேரே தோளிலை இருக்குது."

றிஸ்வானா தாளைத் தன் பக்கம் திருப்பினார். இடது கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு விரலை வைத்து அளந்தார். பிறகு கழுத்து இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். நிறைய நேரம் எடுத்தார்.

"ஓம்" என்று தலையாட்டினார். "எனக்கும் அப்பிடித்தான் தெரியிது. அல்ஹம்துலில்லாஹ்."